மேக்பெத்துக்குப் பிள்ளை இருந்ததா? ஒரு நாடகமும் அதன் படங்களும் நடிகர்களும்

ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் ஓர் இடம் இடிக்கும். முதல் அங்கத்தின் கடைசியில், அரசனைக் கொல்லத் தயங்கும் கணவனிடம் லேடி மேக்பெத் சொல்கிறாள்: நான் பால் கொடுத்தவள், மார்பில் பால் குடிக்கும் பிள்ளைமேல் எவ்வளவு பாசம் வரும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் உன்னைப்போல் சத்தியம் செய்திருந்தால் அந்தப் பிள்ளையையே பிடுங்கி மண்டையை உடைத்திருப்பேன். நான்காம் அங்கத்தில், மனைவி மக்கள் வெட்டுப்பட்டுச் செத்த சேதி கேட்ட மேக்டஃப், ‘அவனுக்குப் பிள்ளைகள் இல்லை’ என்கிறான். அவன் என்று சொல்வது மேக்பெத்தைத்தான் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் லேடி மேக்பெத் பால் கொடுத்த பிள்ளை எங்கே போயிற்று? நாடகம் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

படிக்கிறவர் இதைக் கவனிக்காமலே தாண்டிவிடலாம். மேடையில் பார்க்கிறவருக்கும் யோசிக்க நேரமிருக்காது. சினிமா எடுப்பவர் அப்படி நழுவ முடியாது. கேமரா நடிகையின் முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. அவருக்கு என்ன வயது, இந்தப் பெண் எதையாவது இழந்தவளா, கணவனும் மனைவியும் எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்பதெல்லாம் அந்த முகத்திலேயே தெரிந்துவிடும். அதனால்தான் ஒரு நாடகத்தின் திரைத் தழுவலைப் புரிந்துகொள்ள நினைப்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, முதலில் நடிகர் பட்டியலைப் பாருங்கள் என்பதுதான். இயக்குநர் நாடகத்தை எப்படிப் படித்திருக்கிறார் என்பது அங்கேயே தெரிய ஆரம்பித்துவிடும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஸ்காட்லாந்துத் தளபதி மேக்பெத்தும் அவன் நண்பன் பாங்கோவும் போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகளைச் சந்திக்கிறார்கள். நீ காடர் பிரபு ஆவாய், பிறகு அரசனாவாய் என்று மேக்பெத்துக்கு வாக்கு. நீ அரசனாக மாட்டாய், உன் வம்சம் ஆளும் என்று பாங்கோவுக்கு. காடர் பிரபு பட்டம் உடனே வந்து சேர, ஆசை தலைக்கேறுகிறது. மனைவி தூண்ட, தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்த அரசன் டங்கனைத் தூக்கத்தில் கொல்கிறான் மேக்பெத். அரசகுமாரர்கள் மால்கமும் டோனல்பெய்னும் தப்பி ஓட, முடி இவன் தலைக்கு வருகிறது. ஆனால் பாங்கோவின் வம்சம் ஆளும் என்ற வாக்கு குடைந்துகொண்டே இருக்கிறது. ஆள் வைத்து பாங்கோவைக் கொல்கிறான். பாங்கோவின் மகன் தப்பிவிடுகிறான். விருந்து மண்டபத்தில் பாங்கோவின் ஆவி வந்து உட்கார்கிறது. மறுபடி சூனியக்காரிகளைத் தேடிப் போனால், பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் உனக்குச் சாவில்லை, பர்னம் காடு உன் கோட்டைக்கு நகர்ந்து வரும்வரை உனக்குத் தோல்வியில்லை என்கிறார்கள். தனக்கு எதிராகத் திரும்பிய பிரபு மேக்டஃபின் குடும்பத்தையே வேரறுக்கிறான் மேக்பெத். லேடி மேக்பெத் தூக்கத்தில் நடந்து, கையில் இல்லாத ரத்தக் கறையைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் செத்துப்போகிறாள். எதிரிப் படை காட்டு மரங்களின் கிளைகளை வெட்டித் தலைக்கு மேல் பிடித்து வர, காடே நகர்கிறது. மேக்டஃப், தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன். மேக்பெத்தின் தலை விழுகிறது.

இது 1606 வாக்கில் எழுதப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. அச்சில் வந்தது 1623-ல், ஷேக்ஸ்பியர் இறந்த பிறகு. அவருடைய சோக நாடகங்களிலேயே இதுதான் சிறியது. ‘ஹாம்லெட்’டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி. திரைப்படத்துக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்லவே வேண்டாம். அந்தக் காலத்து இங்கிலாந்து மேடையில் பெண் வேடங்களைப் பையன்கள்தான் கட்டினார்கள். ஆக, முதல் லேடி மேக்பெத்தே ஒரு பையன். அந்தப் பாத்திரத்தின் வயதைப் பற்றி ஆசிரியர் கவலைப்படாமல் விட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். மேக்பெத் என்ற பெயரில் நிஜமாகவே ஓர் அரசர் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டிருக்கிறார். நாடகத்தில் வருபவனுக்கும் அவருக்கும் பெயரைத் தாண்டி அதிக உறவில்லை.

திரைத் தழுவல் என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே பல தினுசு உண்டு. மேடையில் நடந்த நாடகத்தையே கேமராவுக்காகக் கொஞ்சம் மாற்றிப் படம்பிடிப்பது ஒன்று. ஷேக்ஸ்பியரின் வசனத்தை வைத்துக்கொண்டு, வெட்டிச் சுருக்கி, சினிமாவாக எடுப்பது இன்னொன்று. வசனத்தை முழுக்கத் தூக்கிப் போட்டுவிட்டு, கதையின் எலும்பை மட்டும் வேறொரு நாட்டுக்கும் காலத்துக்கும் கொண்டுபோவது வேறொன்று. இந்த மூன்றாவது வகையை ‘அசலுக்கு உண்மையாக இல்லை’ என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. மேக்பெத்துக்கு வந்த படங்களில் மிகச் சிறந்த இரண்டு அந்த வகைதான்.

நடிகர் தேர்வு எவ்வளவு தூரம் கதையை மாற்றும் என்பதை ஒரே மூச்சில் புரிந்துகொள்ள, 1971-ல் வந்த ரோமன் போலன்ஸ்கியின் படத்தையும் 2021-ல் வந்த ஜோயல் கோயனின் படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஷேக்ஸ்பியரின் வசனத்தையே பேசுகின்றன. போலன்ஸ்கி படத்தில் மேக்பெத் ஜான் ஃபின்ச், லேடி மேக்பெத் ஃபிரான்செஸ்கா ஆனிஸ். இருவரும் அப்போது முப்பதைத் தொடவில்லை. அழகான, சுறுசுறுப்பான இளம் ஜோடி. உலகமே தங்கள் காலடியில் விழப்போகிறது என்று நம்பும் வயது. இவர்கள் கொலை செய்யும்போது அதில் ஒரு அவசரம் இருக்கிறது, பின்விளைவு என்னவென்று யோசிக்காத துடுக்கு இருக்கிறது. லேடி மேக்பெத்தை அதுவரை பேய் பிடித்த பெண்ணாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு ஆனிஸின் மென்மை அதிர்ச்சியாக இருக்கும். கண்ணில் நீர் முட்ட, குரல் தழுதழுக்கத்தான் அவர் கணவனைக் கொலைக்குச் சம்மதிக்க வைக்கிறார்.

கோயனின் படத்தில் டென்சல் வாஷிங்டனும் பிரான்சிஸ் மெக்டார்மண்டும். இருவருமே அறுபதைத் தாண்டியவர்கள். வசனம் அதேதான், ஆனால் கதை வேறாகிவிடுகிறது. இவர்களுக்கு இனிப் பிள்ளை பிறக்கப் போவதில்லை. வாழ்நாள் முழுக்க இன்னொருவருக்காக வாள் பிடித்த மனிதன், கடைசியாக வந்த ஒரே வாய்ப்பை விடக்கூடாது என்று நினைக்கிறான். ‘என் தலையில் மலட்டுக் கிரீடத்தை வைத்தார்கள்’ என்று மேக்பெத் புலம்பும் வரி போலன்ஸ்கி படத்தில் கோபமாக ஒலிக்கும். வாஷிங்டன் சொல்லும்போது அது ஒரு வயதானவரின் கணக்குத் தீர்ப்பு. பாங்கோவின் மகனுக்காக நான் என் ஆத்மாவை அழுக்காக்கினேனா என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு முழுக்க உறைத்தது. மெக்டார்மண்ட் இந்தப் பாத்திரத்தை 2016-ல் கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் மேடையில் நடித்தவர். அந்தப் பழக்கம் படத்தில் தெரிகிறது. தூண்டிவிடும் காட்சியில்கூட அவர் குரலை உயர்த்துவதில்லை. நெடுநாள் மனைவி, கணவனின் தயக்கங்களை ஒவ்வொன்றாக அறிந்தவள்.

கோயன் படம் முழுக்க ஸ்டூடியோ அரங்குக்குள்ளேயே, கறுப்பு வெள்ளையில், பழைய படங்களைப்போல் சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டது. அதில் ஒரு காட்சியை நெருங்கிப் பார்க்கலாம். கொலைக்குப் போகும் முன் மேக்பெத்தின் கண்ணுக்கு முன்னால் ஒரு கத்தி மிதப்பதாக நாடகத்தில் வரும். மேடையில் நடிகர் வெறும் காற்றைப் பார்த்துப் பேசுவார். இங்கே வாஷிங்டன் ஒரு நீண்ட நடையில் நடந்து வருகிறார். கோடியில் ஒரு கதவு, அதில் ஒளி பட்டு மின்னும் ஒரு கத்தி. பேசிக்கொண்டே நெருங்க நெருங்க, அது கதவின் கைப்பிடி என்று தெரிகிறது. கை நீட்டிப் பிடிக்கிறார். அது டங்கன் தூங்கும் அறையின் கதவு. மாயமும் இல்லை, தந்திரக் காட்சியும் இல்லை. அடுத்த நொடி கொலை அறைக்குள் நிற்கிறோம். வாஷிங்டனுக்கு இந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஒளிப்பதிவுக்கும் கலை வடிவமைப்புக்கும்கூட.

போலன்ஸ்கி படத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1969 ஆகஸ்டில் அவருடைய மனைவி, நடிகை ஷரோன் டேட், நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோது வீடு புகுந்த கும்பலால் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அவர் எடுத்த முதல் படம் இது. மேக்டஃபின் வீட்டுக்குள் ஆட்கள் நுழைந்து மனைவியையும் குழந்தைகளையும் கொல்லும் காட்சியை அந்த நினைப்பில்லாமல் பார்க்கவே முடியவில்லை. நாடகத்தில் மேடைக்குப் பின்னால் நடக்கும் டங்கன் கொலையையும் அவர் நம் கண்ணெதிரே வைக்கிறார். கடைசியில் ஒரு சேர்க்கை: முடிசூடிய மால்கமின் தம்பி டோனல்பெய்ன், மழையில் குதிரையேறிச் சூனியக்காரிகளைத் தேடிப் போகிறான். நாடகத்தில் இது இல்லை.

இனி அந்தப் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு மிகத் துணிச்சலான பதிலைச் சொன்னவர் அகிரா குரோசாவா. 1957-ல் வந்த அவருடைய ‘த்ரோன் ஆஃப் பிளட்’ படத்தில் ஷேக்ஸ்பியரின் ஒரு வரிகூட இல்லை. கதை நடப்பது உள்நாட்டுப் போர்க் காலத்து ஜப்பானில். மேக்பெத் இங்கே வாஷிசு என்ற சாமுராய்; நடித்தவர் தோஷிரோ மிஃபூனே. மனைவி அசாஜியாக இசுசு யமதா. பாங்கோவின் இடத்தில் மிகி என்ற நண்பன். அதில் மினோரு சியாகி. சண்டை வேண்டாம், மிகியின் மகனையே வாரிசாக அறிவித்துவிடுகிறேன் என்று வாஷிசு முடிவுக்கு வருகிறான். அப்படிச் செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்போது அசாஜி அசையாமல் உட்கார்ந்தபடியே சொல்கிறாள்: நான் கர்ப்பமாக இருக்கிறேன். அவ்வளவுதான். மிகியின் சாவு அந்த ஒரு வாக்கியத்தில் நிச்சயமாகிவிடுகிறது. பிறகு குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறக்கிறது. அசாஜி பித்துப் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் முன் உட்கார்ந்து கைகளைத் தேய்க்க ஆரம்பிக்கிறாள். ஷேக்ஸ்பியர் விட்டுப்போன இடைவெளியில் ஒரு குழந்தையை வைத்து, பாங்கோவின் கொலைக்கும் மனைவியின் பித்துக்கும் ஒரே காரணத்தைக் கொடுத்துவிட்டார் குரோசாவா.

இந்தப் படத்தின் நடிப்பு பழகியவர்களுக்கே முதலில் விசித்திரமாக இருக்கும். ஜப்பானின் நோ நாடக மரபில் முகமூடி அணிந்து, அசைவைச் சுருக்கி நடிப்பார்கள். குரோசாவா தன் நடிகர்கள் ஒவ்வொருவருக்கும் அந்தந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தும் ஒரு நோ முகமூடியின் புகைப்படத்தைக் காட்டி, இதுதான் உங்கள் பாகம் என்று சொன்னார். யமதாவின் முகம் முக்கால்வாசிப் படத்தில் அசைவதில்லை. மிஃபூனே அதற்கு நேர் எதிர்: கண் உருட்டல், உறுமல், ஓட்டம். கணவன் தவிக்கத் தவிக்க மனைவி சிலைபோல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே, அந்த வீட்டில் முடிவெடுப்பது யார் என்று தெரிந்துவிடும். காவலர்களை மயக்க மருந்து கலந்த மதுவை எடுத்துவர அசாஜி எழுந்து ஓர் இருண்ட வாசலுக்குள் போகிறாள். உருவம் இருட்டில் கரைந்துவிடுகிறது. பட்டு உடை தரையில் உரசும் சத்தம் மட்டும் போகிறது, நிற்கிறது, திரும்பி வருகிறது. பிறகு கையில் ஜாடியோடு அந்த வெள்ளை முகம் இருட்டிலிருந்து வெளிப்படுகிறது. திரையில் இதைவிடப் பயங்கரமான லேடி மேக்பெத்தை நான் பார்த்ததில்லை.

கடைசிக் காட்சியில் வாஷிசுவைக் கொல்வது மேக்டஃப் போன்ற எதிரி யாரும் இல்லை. அவனுடைய படையாட்களே அம்பு மழை பொழிகிறார்கள். அதில் நிஜ அம்புகளையே பயன்படுத்தினார்கள். தேர்ந்த வில்லாளிகள் மிஃபூனேயைச் சுற்றி எய்தார்கள். அவர் முகத்தில் தெரியும் பயத்தில் கணிசமான பங்கு நடிப்பில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

2015-ல் ஜஸ்டின் குர்செல் அதே கேள்விக்கு வேறு பதில் சொன்னார். படமே ஒரு குழந்தையின் ஈமச்சடங்கில் தொடங்குகிறது. மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் மரியோன் கோட்டியாரும் தங்கள் பிள்ளையின் உடலுக்கு முன் நிற்கிறார்கள். வசனத்தில் ஒரு சொல் கூட்டவில்லை, ஆனால் இனி நடப்பதெல்லாம் பிள்ளையைப் பறிகொடுத்த இருவரின் கதை. ஃபாஸ்பெண்டரின் மேக்பெத் போரில் சிதைந்த மனிதனும்கூட. தன் படையில் இறந்த ஒரு சிறுவனின் உருவம்தான் அவனுக்குக் கத்தியை நீட்டுகிறது. கோட்டியார் பிரெஞ்சு நடிகை. அவர் ஆங்கில உச்சரிப்பில் ஒட்டியிருக்கும் அந்நியத்தன்மையை யாரும் மறைக்க முயலவில்லை. அந்த முரட்டு நாட்டில் அவள் வேற்றாளாகத் தெரிவது பாத்திரத்துக்கு வலு சேர்க்கிறது. காடு நகர்ந்து வருவதற்குப் பதில் இங்கே காடு எரிகிறது, சாம்பலும் தீப்பொறியும் காற்றில் மிதந்து கோட்டையை அடைகின்றன. படத்தில் குறை என்று சொன்னால், எல்லோரும் கிசுகிசுப்பாகவே பேசுகிறார்கள். முதல்முறை பார்க்கிறவர்கள் வசன வரிகளைப் போட்டுக்கொள்வது நல்லது. மேக்டஃபாக ஷான் ஹாரிஸ், பாங்கோவாக பாடி கான்சிடைன், டங்கனாக டேவிட் தியூலிஸ்.

விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ 2003-ல் டொரண்டோ விழாவில் திரையிடப்பட்டு, மறு வருடத் தொடக்கத்தில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. ஸ்காட்லாந்து இங்கே மும்பை நிழலுலகம். டங்கனின் இடத்தில் அப்பாஜி என்ற தாதா, பங்கஜ் கபூர். அவருடைய வலது கை மக்பூல், இர்ஃபான் கான். பெரிய மாற்றம் லேடி மேக்பெத்தில். தபு நடித்த நிம்மி, மக்பூலின் மனைவி இல்லை. வயதான அப்பாஜியின் ஆசைநாயகி. ஆக, கொலைக்கான காரணமே இடம் மாறுகிறது. நாற்காலி ஆசையோடு காமமும் காதலும் கலந்துவிடுகின்றன. நிம்மி கர்ப்பமாகிறாள். குழந்தை யாருடையது? அப்பாஜியுடையதா, தன்னுடையதா? ஷேக்ஸ்பியரில் இல்லாத இந்தச் சந்தேகம் மக்பூலை உள்ளே அரிக்கிறது. மற்ற படங்களில் பிள்ளை இறந்துபோகிறது அல்லது பிறப்பதே இல்லை; இங்கே மட்டும் அது உயிரோடு பிழைக்கிறது. அந்தக் குழந்தையை இன்னொரு ஜோடி அணைத்துக்கொள்வதை மருத்துவமனைக் கண்ணாடி வழியே பார்த்த பிறகு மக்பூல் துப்பாக்கியைக் கீழே போட்டுவிடுகிறான்.

பங்கஜ் கபூரின் நடிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாடகத்தில் டங்கன் ஒரு நல்ல கிழவர், சீக்கிரம் செத்துப்போவார், அவ்வளவுதான். பல படங்களில் அவர் முகமே நினைவில் நிற்காது. கபூர் அந்தப் பாத்திரத்துக்குத் தொந்தியும் தளர்ந்த நடையும் தொண்டையில் சிக்கிய குரலும் கொடுத்து, படத்தின் முதல் பாதியையே தன்னுடையதாக்கிக்கொண்டார். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. இவ்வளவு கனமான டங்கன் இருந்தால்தான் அவரைக் கொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று பார்ப்பவருக்குப் புரியும்.

மலையாளத்தில் 2021-ல் வந்த ‘ஜோஜி’ இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. இயக்கம் திலீஷ் போத்தன், எழுத்து ஷ்யாம் புஷ்கரன். கேரளத்து எஸ்டேட் குடும்பம்; இரும்புபோன்ற அப்பா குட்டப்பனாக பி.என். சன்னி, மூத்த மகன் ஜோமோனாக பாபுராஜ், வேலைவெட்டி இல்லாத கடைசி மகன் ஜோஜியாக ஃபஹத் ஃபாசில். சூனியக்காரிகள் இல்லை, ஆவி இல்லை, ராஜ்யம் இல்லை. ஜோஜிக்கு மனைவியும் இல்லை. லேடி மேக்பெத்தின் வேலையை அண்ணி பின்சி செய்கிறாள், உன்னிமாயா பிரசாத். அவள் எதையும் நேராகத் தூண்டுவதில்லை. அடுக்களையில் நின்று பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறாள். மரணம் நடந்த வீட்டில் அறைக்குள் இருக்கும் ஜோஜியிடம், வெளியே வரும்போது மாஸ்க் போட்டுக்கொண்டு வா என்று சொல்கிறாள். கோவிட் காலத்துச் சாதாரணப் பேச்சுதான். ஆனால் துக்கம் இல்லாத முகத்தை மறைத்துக்கொள் என்றும் அதற்குப் பொருள். ஃபஹத் ஃபாசிலின் மெலிந்த உடம்பும் தாழ்ந்த பார்வையும் இந்த மேக்பெத்தை வீரனாக இல்லாமல், வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியே வளர்ந்தவனாக ஆக்கிவிடுகின்றன. வாஷிங்டனையோ மிஃபூனேயையோ அந்த வீட்டில் நினைத்தே பார்க்க முடியாது.

மலையாளத்திலேயே ஜெயராஜ் இயக்கிய ‘வீரம்’ கேரளத்து வீரக் கதைப்பாடல்களான வடக்கன் பாட்டுகளின் சந்துவை மேக்பெத்தாகப் பார்க்கிறது. குணால் கபூர் நடித்தார். அமெரிக்காவில் ‘ஸ்காட்லாந்து, பி.ஏ.’ என்ற 2001 படம் கதையை எழுபதுகளின் ஒரு துரித உணவுக் கடைக்குக் கொண்டுபோனது. அதில் மேக்டஃப் ஒரு துப்பறியும் அதிகாரி, கிறிஸ்டோபர் வாக்கன். ஆஸ்திரேலியாவில் 2006-ல் சாம் வொர்த்திங்டன் மெல்போர்ன் ரவுடியாக வந்தார். ஆர்வம் மிகுந்தவர்கள் தேடிப் பார்க்கலாம்.

சூனியக்காரிகளுக்கு யாரைப் போடுவது என்பதும் சாதாரண முடிவில்லை. அவர்கள் விதியா, வெறும் வம்புப் பேச்சா, அவன் மனதின் குரலா? குரோசாவா மூன்றை ஒன்றாக்கினார். காட்டுக்குள் ராட்டை சுற்றும் ஒரே உருவம், சியேகோ நானிவா. ‘மக்பூல்’ படத்தில் அவர்கள் இரண்டு போலீஸ் அதிகாரிகள், ஓம் பூரியும் நசீருதீன் ஷாவும். வண்டியின் பனிபடர்ந்த கண்ணாடியில் விரலால் ஜாதகக் கட்டம் போடுகிறார்கள். வாக்குச் சொல்கிறவர்களே அதிகாரத்தில் இருப்பவர்கள் என்பதால், அவர்கள் எதிர்காலத்தைச் சொல்கிறார்களா அல்லது திட்டமிட்டு உருவாக்குகிறார்களா என்று பிரிக்க முடிவதில்லை. இரண்டு தேர்ந்த நடிகர்களை அந்தச் சிறிய வேடங்களில் போட்டது வீணாகவில்லை. கோயன் படத்தில் மூவரையும் கேத்ரின் ஹன்டர் என்ற ஒரே மேடை நடிகை நடிக்கிறார். மணலில் குறுகி உட்கார்ந்து, கை கால்களைக் காகத்தின் சிறகுபோல் முறுக்கி, ஒரே தொண்டையில் வெவ்வேறு குரல் எடுக்கிறார். அவர் தனியாக நிற்க, எதிரே தண்ணீரில் பிம்பம் இரண்டாகத் தெரிகிறது. எனக்கு அந்தப் படத்தில் வாஷிங்டனையும் மிஞ்சியவர் அவர்தான்.

பணம் இல்லாமலும் ஒரு மேக்பெத் எடுக்கலாம் என்று காட்டியவர் ஆர்சன் வெல்ஸ். 1936-ல், இருபது வயதில், நியூயார்க்கின் ஹார்லெமில் முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து, ஹெய்டியில் நடப்பதாக இந்த நாடகத்தை மேடையேற்றியவர். 1948-ல் படமாக எடுத்தபோது, மலிவான கௌபாய் படங்களுக்குப் பேர்போன ரிபப்ளிக் நிறுவனத்தில், 23 நாளில் படப்பிடிப்பை முடித்தார். மேக்பெத் அவரே. லேடி மேக்பெத் ஜீனெட் நோலன், வானொலியிலிருந்து வந்தவர்; இதுதான் அவருக்கு முதல் படம். மால்கமாக, குழந்தை நட்சத்திரமாக அறிமுகமாகி வளர்ந்த ராடி மெக்டவல். எல்லோரும் ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பேச, ரசிகர்களுக்குப் புரியவில்லை என்று நிறுவனம் படத்தை வெட்டி, குரலை மாற்றி மறுபடி வெளியிட்டது. அசல் வடிவம் மீட்கப்பட 1980 வரை ஆயிற்று. குறைகள் நிறைந்த படம்தான். ஆனால் குகைபோன்ற அந்தக் கோட்டையும் வெல்ஸின் ராட்சத உருவமும் மறக்காது. இதே காலகட்டத்தில் லாரன்ஸ் ஒலிவியே, விவியன் லீ இருவரும் 1955-ல் மேடையில் நடித்துப் பேர் வாங்கிய மேக்பெத்தைப் படமாக்க முயன்று, பணம் திரளாமல் கைவிட்டார்கள். அந்த இழப்பை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

மேடை நாடகத்தையே படம்பிடித்த வகையில் ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. 1976-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக ட்ரெவர் நன் ஒரு சின்னஞ்சிறு அரங்கில் போட்ட நாடகம். தரையில் ஒரு வட்டம், சுற்றிலும் நடிகர்கள் உட்காரப் பெட்டிகள், வேறு அலங்காரம் கிடையாது. மேக்பெத் இயன் மெக்கெல்லன், லேடி மேக்பெத் ஜூடி டென்ச். 1979-ல் தொலைக்காட்சியில் வந்த பதிவில் கறுப்புப் பின்னணியில் முகங்கள் மட்டுமே மிதக்கின்றன. மேக்டஃபாக பாப் பெக், மால்கமாக ரோஜர் ரீஸ்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தூக்கத்தில் நடக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். எல்லா நடிகைகளும் தங்கள் கையிருப்பு முழுவதையும் கொட்டும் இடம் அது. டென்ச் அதில் ஒரு பெருமூச்சில் ஆரம்பித்து அதை அலறலாக நீட்டுகிறார். மூச்சு முட்டும் அளவுக்கு நீளும் அலறல். கோட்டியார் நடப்பதுமில்லை, கை கழுவுவதுமில்லை. ஒரு தேவாலயத்தில் உட்கார்ந்தபடி, கேமரா முகத்தைவிட்டு நகராமல், யாரிடமோ பேசிக்கொண்டே போகிறார். கடைசியில்தான், எதிரே இறந்த அந்தக் குழந்தை உட்கார்ந்திருப்பது நமக்குக் காட்டப்படுகிறது. தபுவின் நிம்மி ரத்தம் தெறித்ததாக நினைத்துச் சுவரைத் தேய்க்கிறாள். பிறகு மக்பூலின் மடியில் சாய்ந்து, நம் காதலாவது தூய்மையானதுதானே என்று கேட்கிறாள்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், முதலில் கோயன் படம். ஒன்றே முக்கால் மணி நேரம்தான், நாடகத்தின் வரிசை அப்படியே இருக்கிறது. அடுத்து குரோசாவா. மூன்றாவதாக ‘மக்பூல்’. ‘ஜோஜி’யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அசல் கதை மனதில் நன்றாகப் பதிந்த பிறகுதான், அது எதையெல்லாம் உதறியிருக்கிறது, எதை விடாமல் பிடித்திருக்கிறது என்று ரசிக்க முடியும். போலன்ஸ்கி படத்தில் வன்முறையும் நிர்வாணமும் உண்டு, வீட்டில் சிறுவர்கள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு போடுங்கள்.